தங்கையின் கையெழுத்து

புசா ரோடு என்றதும் தில்லித் தமிழர் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நம் பள்ளிக்கூடம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று அந்தச் சாலையில்தான் இருக்கிறது. கரோல்பாகில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் தலைமுறைகளாக அங்கே படித்து வெளியேறியிருக்கிறார்கள். ஆனால் சாலைக்குப் பெயர் கொடுத்தது வேறொரு நிறுவனம். 1905-ல் பீகாரின் புசா என்னும் ஊரில் தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1934 நிலநடுக்கத்தில் இடிந்தது. 1936-ல் தில்லிக்கு வந்தபோது பழைய ஊரின் பெயரையும் கூடவே கொண்டுவந்தது. இந்தியாவின் பசி தணித்த கோதுமை ரகங்கள் அந்த வளாகத்து வயல்களில் தேறின. 1968-ல் இந்திரா காந்தி அரசு கோதுமைப் புரட்சிக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது, கதிர்களோடு சேர்த்துப் புசா நிறுவனத்தின் கட்டடத்தையும் அதில் அச்சிட்டார்கள். நிறுவனத்தின் இயக்குநராக அப்போது இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன்.

அதே சுவாமிநாதன், 2012 மே மாதம், 86 வயதில், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். பெண் விவசாயிகள் உரிமை மசோதா, 2011 என்று அதற்குப் பெயர். அதன் உள்ளடக்கம் மிக எளிது. வயலில் வேலை செய்யும் பெண், அவள் பெயரில் நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விவசாயிதான். கிராம அளவிலேயே அவளுக்கு அதற்கான சான்றிதழ் தர வேண்டும். அந்தச் சான்றிதழைக் காட்டினால் கடன் அட்டையும் பாசன நீரும் அரசு உதவியும் கிடைக்க வேண்டும். கணவன் சம்பாதித்த நிலத்தில் அவளுக்கும் சம உரிமை வேண்டும். 2013-ல் அவருடைய பதவிக்காலம் முடிந்தது. மசோதாவும் காலாவதியானது. அப்போது ஆண்ட கூட்டணி அதைக் கையில் எடுக்கவில்லை. அடுத்து வந்த கூட்டணியும் எடுக்கவில்லை. 2023 செப்டம்பரில் அவர் மறைந்தார். 2024-ல் அவருக்குப் பாரத ரத்னா அறிவித்தார்கள்.

விருது அவருக்குத் தகும். அதில் நமக்குப் பெருமையும் உண்டு. ஆனால் ஒருவர் வாழ்வின் கடைசிக் காலத்தில் முன்வைத்த கோரிக்கையைக் கிடப்பில் போட்டுவிட்டு, அவர் படத்துக்கு மாலை போடுவது அறமாகாது. இந்தத் தேசம் தன் சோற்றுக்குக் காரணமான பெண்களுக்கு அநீதி இழைக்கிறது. அந்த அநீதிக்கு நாடாளுமன்றம் மட்டும் பொறுப்பல்ல. நம் ஒவ்வொருவர் குடும்பமும் அதில் கை நனைத்திருக்கிறது என்பதே இந்தத் தலையங்கத்தின் குற்றச்சாட்டு.

யார் இங்கே விவசாயி? நாற்றுப் பறிப்பவள் பெண். முதுகு வளைந்து நடுபவள் பெண். களை எடுப்பவள், பருத்தி பறிப்பவள், நிலக்கடலை ஆய்பவள், மாட்டுக்குத் தீவனம் சுமப்பவள், அடுத்த பட்டத்துக்கு விதையைச் சாம்பலில் புரட்டிக் காப்பவள், எல்லாம் பெண். இன்று இந்தியக் கிராமங்களில் உழைப்பில் இருக்கும் பெண்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் வேளாண்மையை நம்பியிருக்கிறார்கள். ஆண்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட ஊர்களில் விவசாயத்தின் முழுப் பாரமும் அவர்கள் தலையில்தான். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, பெண்கள் கையில் இருந்த சாகுபடி நிலங்கள் நூற்றுக்குப் பதினான்கு. பரப்பளவில் பார்த்தால் அதைவிடவும் குறைவு.

பட்டாவில் பெயர் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாமே குறையும். பிரதமரின் விவசாயி நிதி ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருகிறது. அதைப் பெறுவதற்கு நிலம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதுதான் கணக்கு. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டாவும் அடங்கலும் கேட்பார்கள். வெள்ளமோ வறட்சியோ வந்து நிவாரணம் அறிவித்தால் அதுவும் பட்டாதாரருக்கு. குத்தகைக்கு எடுத்து உழுது கடன்பட்டுக் கணவன் தற்கொலை செய்துகொண்டால், இழப்பீட்டுக்கு அலையும் மனைவியிடம் அவன் விவசாயி என்பதற்கே சான்று கேட்கிறார்கள். அதே கடனால் அவள் உயிரை மாய்த்துக்கொண்டால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பட்டியலில் பெரும்பாலும் அவள் இல்லத்தரசி என்ற கட்டத்துக்குள் போய்ச் சேருகிறாள். உயிரோடு இருக்கும்போது மறுக்கப்பட்ட தொழில், செத்த பிறகும் மறுக்கப்படுகிறது.

இதை மாற்ற அரசுக்குப் புதிதாக ஞானம் எதுவும் தேவையில்லை. சுவாமிநாதன் தலைமையில் 2004-ல் அமைந்த தேசிய விவசாயிகள் ஆணையம் சொன்னதை ஒட்டி வந்த 2007 தேசிய விவசாயிகள் கொள்கை, நிலம் உள்ளவரை மட்டுமல்லாமல் குத்தகைதாரர், கூலித் தொழிலாளி, கால்நடை வளர்ப்பவர், பழங்குடியினர் என எல்லோரையும் விவசாயி என்றே வரையறுத்தது. கொள்கையில் ஒப்புக்கொண்டதைத் திட்டத்தில் மறுக்கிறார்கள். சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே இருக்கும் இந்தப் பள்ளத்தில்தான் கோடிக்கணக்கான பெண்கள் விழுந்து கிடக்கிறார்கள்.

நிலம் ஆணுடையது என்ற எண்ணம் இயற்கையாக வந்ததன்று; வரலாற்றில் அதற்குத் தொடக்கம் உண்டு. டென்மார்க் பொருளாதார அறிஞர் எஸ்தர் போசரப் 1970-ல் எழுதிய நூலில் ஒரு கருத்தை முன்வைத்தார். கைக்கொத்தும் கம்பும் கொண்டு பயிர் செய்த சமூகங்களில் பெண்ணே முதன்மை உழவர். மாடு பூட்டிய ஏர் வந்த இடங்களில் வயல் ஆணிடமும் வீடு பெண்ணிடமும் பிரிந்தன என்றார். ஏர் உழுத சமூகங்களின் வழித்தோன்றல்களிடம் இன்றும் பெண்கள் வெளிவேலைக்குப் போவது குறைவு என்று 2013-ல் மூன்று பொருளியலாளர்கள் பல நாடுகளின் தரவுகளைக் கொண்டு காட்டினார்கள். நம் ஊர்களிலும் பெண் ஏர் பிடித்தால் மழை பொய்க்கும் என்ற தடை பல இடங்களில் இருந்தது. கலப்பையைத் தொடக்கூடாது, ஆனால் அந்தக் கலப்பை கிழித்த சேற்றில் நாளெல்லாம் நின்று நட வேண்டும். இந்தத் தடைக்கு எந்த வேளாண் அறிவும் அடிப்படை அல்ல. உழவுக்கருவி யார் கையிலோ, நிலமும் அவர் பெயரில் என்ற ஏற்பாட்டைக் காக்கும் வேலி அது.

இன்று கலப்பையின் இடத்தில் இயந்திரம். நடவு இயந்திரம் வந்த ஊர்களில் அதை ஓட்டுபவர் ஆண். வேலை இழந்தவர் நடவுக்குப் போன பெண். களைக்கொல்லி வந்தபின் களை எடுப்புக் கூலி போயிற்று. புசா வளாகம் 2003-ல் வெளியிட்ட புசா பாஸ்மதி 1121, நீளமான அரிசியாக உலகச் சந்தையெங்கும் போய்ப் பேர் வாங்கியது. புதிய ரகத்தைக் கண்டுபிடித்தவர்களை நாம் கொண்டாடுகிறோம்; அது நியாயம். ஒவ்வொரு புதிய கருவியும் ரசாயனமும் வயலுக்குள் வரும்போது, அங்கே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் கடமையும் அந்த ஆராய்ச்சிக்கு உண்டு. புவனேசுவரத்தில் வேளாண்மையில் பெண்களுக்கென ஒரு மத்திய நிறுவனம் 1996 முதல் இருக்கிறது. அந்தக் கேள்வி அங்கே மட்டும் கேட்கப்பட்டால் போதாது. எல்லா வளாகங்களிலும் முதல் கேள்வியாக அது இருக்க வேண்டும்.

பெண் நிலம் வைத்திருப்பது நம் மரபுக்குப் புதிது என்ற வாதமும் நிற்காது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நிலம் கொடுத்த அரசிகள் மட்டுமல்லாமல் தேவரடியார்களும் இருக்கிறார்கள். கொடுப்பதற்கு முதலில் கையில் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் தாய்வழிச் சீதனம் மகளுக்கே என்று வைத்தது. ஆனால் மணமான பெண் தன் சொந்த நிலத்தை விற்கக்கூடக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்ற பூட்டையும் கூடவே போட்டது. சொத்து அவளுடையது, சாவி அவனுடையது. இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பூட்டு எந்த ஒரு நாட்டுக்கும் மதத்துக்கும் தனிச் சொத்தல்ல என்பது புரியும்.

பூட்டை உடைத்தவர்களும் எல்லா இடங்களிலும் இருந்தார்கள். 1929-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதே ஆண்டின் இறுதியில், தென்கிழக்கு நைஜீரியாவில், தங்கள் மீது வரி வரப்போகிறது என்று கேள்விப்பட்ட பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு பிரிட்டிஷ் நிர்வாகத்தை எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். செங்கல்பட்டாருக்கு நைஜீரியாவைத் தெரியாது, நைஜீரியப் பெண்களுக்குச் செங்கல்பட்டைத் தெரியாது. நிலமும் வரியும் விளைச்சலும் யார் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற வழக்கு இருவருக்கும் பொதுவாக இருந்தது.

செங்கல்பட்டுத் தீர்மானம் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 1937-ல் இந்துக் கைம்பெண்களுக்கு ஒரு சொத்துரிமைச் சட்டம் வந்தது. விவசாய நிலத்துக்கு அது பொருந்தாது என்று 1941-ல் பெடரல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை நிறைவேற்ற விடாமல் இழுத்தடித்ததைப் பெரும் காரணமாகச் சொல்லி அம்பேத்கர் 1951-ல் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1956-ன் வாரிசுரிமைச் சட்டம் மகளுக்குத் தந்தையின் தனிச்சொத்தில் பங்கு கொடுத்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமையை மகனுக்கே விட்டுவைத்தது. அதில் 4(2) என்று ஒரு சிறு உட்பிரிவு. விவசாய நிலம் பற்றிய மாநிலச் சட்டங்களை இது தொடாது என்பது அதன் சாரம். ஒரே ஓர் உட்பிரிவு, வட இந்தியாவில் கோடிக்கணக்கான மகள்களை வயலிலிருந்து வெளியே நிறுத்தியது. தலைநகரமும் விலக்கல்ல. 1954-ன் தில்லி நிலச் சீர்திருத்தச் சட்டம், 50-ஆம் பிரிவில், நிலத்தை முதலில் ஆண்வழி ஆண் வாரிசுகளுக்கே வைத்தது. நாடாளுமன்றம் இருக்கும் ஊரில், அரசியல் சட்டம் சமத்துவம் தந்து நான்கே ஆண்டுகளில், மகன் இருக்க மகளுக்கு இடமில்லை என்று எழுதினார்கள்.

தமிழ்நாடு 1989-ல் நாடாளுமன்றத்தை முந்திக்கொண்டது. கலைஞர் ஆட்சியில் வந்த திருத்தம் மகளையும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்காளி ஆக்கியது. பெருமைப்பட வேண்டிய செயல். ஆனால் அதற்கு முன்பே மணமாகிப் போன மகளுக்கு அதில் பங்கில்லை. ஒரே வீட்டில் அக்காவுக்கு ஒரு நியாயம், தங்கைக்கு ஒரு நியாயம் என்றானது. பொருளியல் அறிஞர் பீனா அகர்வால் உள்ளிட்டோர் விடாமல் போராடியதன் பயனாக 2005-ல் நாடாளுமன்றம் 4(2)-ஐ நீக்கியது. மணமானவள், ஆகாதவள் என்ற பிரிவினையும் போனது. 2010-ல் தில்லி உயர்நீதிமன்றம், வாரிசுரிமையில் 50-ஆம் பிரிவு இனிச் செல்லாது, இந்து வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என்றது. தந்தை 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளின் பங்கு பிறப்பிலேயே வந்தது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கடைசிச் சந்தேகத்தையும் தீர்த்தது.

சட்டம் இவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டது. அப்படியிருந்தும் பட்டாவில் ஏன் அவள் பெயர் இல்லை?

இங்கேதான் நம் வீட்டு வாசலுக்கு வருகிறோம். தந்தையின் காரியம் முடிந்து சில வாரங்களில் அண்ணன் தங்கையைக் கூப்பிடுகிறான். வாரிசுச் சான்றிதழ் வந்துவிட்டது, சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்கிறான். விடுதலைப் பத்திரம். தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக அவள் ஒப்பமிட வேண்டும். சில வீடுகளில் ஒரு பட்டுப்புடவை, சில வீடுகளில் கொஞ்சம் ரொக்கம், பல வீடுகளில் ஒன்றுமே இல்லை. சென்னையிலும் மதுரையிலும் மட்டும் நடப்பதில்லை இது. தில்லியில் நல்ல வேலையில் இருந்துகொண்டு, கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய், அங்கே நிலத்தைப் பார்த்துக்கொண்டு வயதான அம்மாவையும் பார்த்துக்கொண்ட தங்கையிடமே கையெழுத்து வாங்கித் திரும்பும் படித்த அண்ணன்கள் நம் வாசகர்களில் இருக்கிறார்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

அவர்கள் சொல்லும் நியாயங்களைக் கேட்டிருக்கிறோம். கல்யாணத்துக்கு நகை போட்டோமே, சீர் செய்தோமே என்பது முதலாவது. அந்த நகையில் எவ்வளவு இன்று அவள் கழுத்தில் இருக்கிறது என்று எந்த அண்ணனும் கேட்டதில்லை. பெரும்பாலும் அது மாமியார் வீட்டின் கடனுக்கோ கணவனின் தொழிலுக்கோ போயிருக்கும். வரதட்சணை பெண்ணுக்குக் கொடுத்ததன்று, பெண்ணோடு சேர்த்து வேறொரு ஆணுக்குக் கொடுத்தது. 1961 முதல் சட்டப்படி குற்றமான ஒன்றைச் செய்துவிட்டு, அதையே காரணம் காட்டிச் சட்டம் கொடுத்த பங்கை மறுப்பது இரட்டைக் குற்றம். நிலம் துண்டு துண்டாகிவிடும் என்பது இன்னொன்று. மூன்று மகன்கள் பாகம் பிரிக்கும்போது இந்தக் கவலை எங்கே போகிறது? வரப்பு போடாமலே பங்கை எழுதி வைக்கலாம், சேர்ந்து உழலாம், ஒருவர் மற்றவருக்குக் குத்தகைக்கு விடலாம். இதெல்லாம் அண்ணன் தம்பிகளுக்கு நன்றாகத் தெரிந்த வழிகள்தாம்.

மனமொப்பித்தானே கொடுத்தாள், நாங்கள் கட்டாயப்படுத்தவில்லையே என்பதுதான் எல்லாவற்றிலும் வலுவான வாதம். அதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். மணமான பெண்ணுக்குக் கணவன் வீட்டில் அடி விழுந்தால், அவள் திரும்பிப் போவதற்கு ஒரு வாசல் வேண்டும். அந்த வாசல் அண்ணனுடையது. பங்கு கேட்டால் அந்த வாசல் அடைபடும் என்று அவளுக்குத் தெரியும்; அடைபடும் என்று அண்ணி ஒருமுறையாவது ஜாடையாகச் சொல்லியிருப்பாள். தாய்மாமன் சீர் நின்றுவிடும், பிள்ளைகளுக்குக் காதுகுத்து நடத்த ஆளிருக்காது, ஊர்த் திருவிழாவுக்கு அழைப்பு வராது. இத்தனையையும் ஒரு தட்டில் வைத்துவிட்டு மறுதட்டில் ஓர் ஏக்கரை வைத்தால், அவள் எதை எடுப்பாள்? பயத்தில் போட்ட கையெழுத்துக்குச் சம்மதம் என்று பெயரில்லை. அன்பைப் பணயமாக வைத்து வாங்கிய நிலம் அபகரித்த நிலம்தான். அதைச் சுத்தமான சொத்து என்று எந்தப் பத்திரமும் ஆக்கிவிடாது.

அந்த ஓர் ஏக்கர் அவளுக்கு எதைத் தந்திருக்கும் என்பதற்கு அளவு உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆய்வில், நிலமோ வீடோ இல்லாத மணமான பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவனிடம் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். நிலம் வைத்திருந்தவர்களில் அது 18. வீடு வைத்திருந்தவர்களில் 10. இரண்டும் வைத்திருந்தவர்களில் 7. போக ஓரிடம் இருக்கிற பெண்மீது கை ஓங்க ஆண் யோசிக்கிறான். ஆசைக்கு ஒரு பெண், ஆஸ்திக்கு ஓர் ஆண் என்று பழமொழி சொல்லிக் குழந்தையைக் கொஞ்சும் வீட்டார், தங்கள் மகளை எந்தக் கைக்கு ஒப்புக்கொடுக்கிறோம் என்பதை இந்த எண்களில் பார்த்துக்கொள்ளட்டும்.

வாரிசுரிமை பேசும்போது மறக்கக் கூடாத ஒன்றுண்டு. நட்டும் அறுத்தும் கூலி வாங்கும் பெண்களில் பெரும்பகுதியினருக்குப் பங்கு கேட்கத் தகப்பன் நிலமே கிடையாது. அவர்களில் மிகப் பலர் தலித் பெண்கள். ஆணாதிக்கத்தோடு சாதியும் சேர்ந்து அவர்களை நிலத்திலிருந்து விலக்கி வைத்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்கு அந்தத் தண்டனை. அந்தச் சாம்பல் பூமிக்குத்தான் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் போனார். கணவர் ஜெகந்நாதனோடு 1981-ல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலவுடைமையாளர்களிடம் பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, ஆயிரக்கணக்கான நிலமற்ற குடும்பங்களுக்கு ஆளுக்கு ஓர் ஏக்கர் வாங்கிக் கொடுத்தார். பட்டாவைப் பெண் பெயரில் போட வைத்தார் என்பதில்தான் அவருடைய தெளிவு. குடும்பத் தலைவன் பெயரில் கொடுத்தால் அது குடிக்கோ கடனுக்கோ போகும், பெண் பெயரில் இருந்தால் சோறாகும் என்று வாழ்ந்து கற்றவர் அவர்.

அதே காலத்தில் பீகாரின் புத்தகயாவில், மடத்தின் பிடியிலிருந்த நிலத்துக்காக 1978 முதல் போராடிய உழவர்களில் பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். நிலம் கிடைக்கும் நேரம் வந்தபோது அதிகாரிகள் ஆண்கள் பெயரைக் கேட்டார்கள். அடி வாங்கியபோது சமமாக வாங்கினோம், பட்டா மட்டும் ஏன் அவர் பெயருக்கு என்று அந்தப் பெண்கள் தங்கள் சொந்தக் கணவர்களிடமும் இயக்கத் தோழர்களிடமும் சண்டையிட்டார்கள். சில ஊர்களில் வென்றார்கள். வெளியே இருக்கும் பண்ணையாரை எதிர்ப்பதைவிட, உள்ளே இருக்கும் புருஷனை எதிர்ப்பது கடினம். அதைச் செய்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத தலித் பெண்கள்.

நம் தஞ்சையில் அதற்கும் முன்பே ஒருவர் இருந்தார். மணலூர் மணியம்மை. இளமையில் கணவனை இழந்த பிராமணப் பெண். மூலையில் உட்காரச் சொன்ன குடும்பத்தை மீறிப் பண்ணையைத் தானே நின்று நடத்தினார். கூலி ஆட்களின் குடிசைக்குள் போனார். அவர்களைச் சங்கத்தில் சேர்த்தார். முடியைக் கிராப்பாக வெட்டிக்கொண்டு, வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டார். கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு உழைத்து 1953-ல் மான் முட்டி மாண்டார். ராஜம் கிருஷ்ணன் அவரைப் பற்றித் தேடிப்போய்த் தகவல் திரட்டிப் ‘பாதையில் பதிந்த அடிகள்’ நாவலை எழுதியிராவிட்டால், நம்மில் பலருக்கு அவர் பெயரே தெரிந்திராது. ஒரு பெண் நிலத்தை ஆண்டாள் என்பதைவிட, அந்த நிலத்தில் உழைத்தவர் பக்கம் நின்றாள் என்பதால் அவரை நாம் வணங்குகிறோம்.

இப்படி நிலத்தில் நின்ற பெண்கள் சிலருக்குப் பாராட்டும் வந்தது. மதுரை பில்லுச்சேரியில் நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் சேர்த்துக் கூலி பேசிய சின்னப்பிள்ளையின் காலைத் தொட்டு, 2001-ல் இதே தில்லியில், பிரதமர் வாஜ்பாய் வணங்கினார். கடை நடத்திச் சேர்த்த காசில் நிலம் வாங்கி நூறு வயது தாண்டியும் பயிர் செய்த தேக்கம்பட்டி பாப்பம்மாளுக்கு 2021-ல் பத்மஸ்ரீ வந்தது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 15-ஐப் பெண் விவசாயிகள் தினம் என்று வேளாண் அமைச்சகம் கொண்டாடுகிறது. 2026-ஐ ஐக்கிய நாடுகள் சபை பன்னாட்டுப் பெண் விவசாயிகள் ஆண்டாகவே அறிவித்திருக்கிறது. ஒருத்தி காலைத் தொட்டுக் கும்பிடுவது எளிது. அவளைப் போன்ற கோடிப் பேருக்கு ஒரு சான்றிதழ் கொடுப்பதுதான் எவருக்கும் கை வரவில்லை.

இயக்கங்களும் இதில் தப்பவில்லை. 2020 நவம்பர் முதல் ஓராண்டுக்கு மேல் தில்லியின் சிங்கு, திக்ரி எல்லைகளில் வேளாண் சட்டங்களை எதிர்த்து விவசாயிகள் உட்கார்ந்தபோது, பஞ்சாப், ஹரியானாப் பெண்கள் டிராக்டர் ஓட்டி வந்தார்கள், மேடையில் பேசினார்கள், குளிரில் படுத்தார்கள். பெண்களையும் முதியவர்களையும் ஏன் போராட்டத்தில் வைத்திருக்கிறார்கள் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த எஸ்.ஏ.பாப்டே கேட்டார். வைத்திருக்கிறார்கள் என்றால், யாரோ கொண்டுவந்து வைத்தார்கள் என்றாகிறது. தங்களை எவரும் கொண்டுவரவில்லை, விவசாயிகளாகத் தாங்களே வந்தோம் என்று அந்தப் பெண்கள் ஜனவரி 18-ஐப் பெண் விவசாயிகள் நாளாகக் கடைப்பிடித்து விடை சொன்னார்கள். ஆனால் அமைச்சர்களோடு பேச விஞ்ஞான் பவனுக்குப் போன ஏறத்தாழ நாற்பது பிரதிநிதிகளில் பெண் என்று இருந்தவர் கவிதா குருகந்தி ஒருவர். வீதியில் பாதி, மேசையில் ஒருத்தி. அந்த அக்டோபரில், திக்ரி அருகே ஊருக்குத் திரும்ப வண்டிக்காகக் காத்திருந்த மான்சா மாவட்டத்து மூன்று பெண்கள் லாரி மோதி இறந்தார்கள். அவர்களுடைய நிலம் யார் பெயரில் இருந்தது என்று எந்தச் செய்தியும் கேட்கவில்லை.

அரசுகள் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். தில்லியில் பெண் பெயரில் பதிந்தால் முத்திரைத்தாள் கட்டணம் ஆணைவிட இரண்டு விழுக்காடு குறைவு. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல் பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு சலுகை. ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்கள் விவசாய நிலம் வாங்க மானியம் தரும் நன்னிலம் திட்டம் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறது. அதை இன்னும் பெரிதாக்க வேண்டும். ஆனால் கட்டணச் சலுகை காசு கொடுத்து வாங்குபவருக்குத்தான் உதவும். பிறந்த உரிமையை விட்டுக்கொடுக்க வைக்கப்படும் மகளுக்கு அதில் எந்தத் துணையும் இல்லை.

அவளுக்குச் செய்ய வேண்டியவை சிலவே. தந்தை இறந்து சில ஆண்டுகளேனும் ஆகாமல் மகளிடமிருந்து விடுதலைப் பத்திரம் பதியக் கூடாது. பதியும் நாளில், அண்ணனை வெளியே நிறுத்திவிட்டு, பங்கின் சந்தை மதிப்பு எவ்வளவு என்பதை அவளுக்குச் சார்பதிவாளர் படித்துக் காட்ட வேண்டும். வாரிசுப் பட்டா மாற்றம் எவர் விண்ணப்பித்தாலும் எல்லா வாரிசுகளின் பெயரிலும் தானாகவே நடக்க வேண்டும். நீக்கத்தான் மனு வேண்டுமே தவிர, சேர்க்க அல்ல. அரசு கொடுக்கும் ஒப்படைப்பு நிலம் எல்லாம் பெண் பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருக்க வேண்டும். நிலமே இல்லாமல் உழைப்பவளுக்குக் கிராம சபை விவசாயிச் சான்றிதழ் தர வேண்டும்.

இந்தக் கடைசிக் கோரிக்கைக்குச் சட்ட வாசகம்கூடப் புதிதாக எழுத வேண்டாம். புசா வளாகத்தின் பழைய இயக்குநர் எழுதி வைத்துவிட்டுப் போன மசோதா மாநிலங்களவை ஆவணங்களில் இருக்கிறது. தனிநபர் மசோதாவாக அதை மீண்டும் தாக்கல் செய்ய, அமைச்சராக இல்லாத ஒரே ஓர் உறுப்பினர் போதும். தமிழ்நாட்டுக்கு அந்த அவையில் பதினெட்டு இடங்கள் இருக்கின்றன.